நெஞ்சுவலி இல்லீங்க டாக்டர்!

ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறி, மலை தெரியும் பக்கமாக ஜன்னலோரம் உட்கார்ந்தால், கண் சொக்குவதற்குள் சேத்தூர் வந்துவிடும். இறங்கி, "ஜாக்கெட் தைக்கிற அக்கா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். என் பேர் பாதிப் பேருக்குத் தெரியாது. வீடு மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

27 வருஷமாகத் தைக்கிறேன். திண்ணையில் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், பீரோவுக்கு மேலே பதினோரு அளவு நோட்டு. ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரே உயரம், தோள், கைநீளம், கைக்குழி, இடுப்பு எல்லாம் முழுசாக எழுதியிருப்பேன். ஒன்றே ஒன்று மட்டும் சுருக்கெழுத்து. 'மே.சு.' மேல் சுற்று!

என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒருநாள் பொழுது போகாமல் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏ புள்ள... எல்லார் பேருக்குக் கீழேயும் மே.சு., மே.சு.ன்னு போட்டிருக்கியே. ஊர்ல இத்தனை மேலத்தெரு சுப்பம்மாளா இருக்கா?" என்றார். நான் பதில் சொல்லாமல் மெஷினை வேகமாக மிதித்தேன்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை டேப் போட்டு அளக்கிற இடம். அதன் பேரை எழுதக் கை வராது, சொல்ல வாய் வராது. இத்தனைக்கும் இங்கிருந்து ரெண்டு பஸ் மாறினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊர்ப் பெண் ஆண்டாள், நாச்சியார் திருமொழியில் அந்த வார்த்தையைக் கூச்சமே இல்லாமல் பாடிவிட்டுப் போயிருக்கிறாள். அவளைக் கும்பிட வருஷத்துக்கு நாலு தடவை போகிறோம். பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறோம். வேறொன்றும் கற்றுக்கொண்டு வரவில்லை.

2022 ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தேன். சீயக்காய் போட்டு இடது பக்கம் தேய்க்கும்போது விரலுக்குக் கீழே என்னமோ நழுவியது. திரும்பவும் தேடினேன். இருக்கிறது. ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. அமுக்கினால் வலிக்கவில்லை.

வலிக்கவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது பாருங்கள், அதுதான் முதல் முட்டாள்தனம். வலித்தால்தானே வியாதி என்று எவர் சொல்லிக் கொடுத்தாரோ! இந்த விஷயத்தில் கெட்ட கட்டி பெரும்பாலும் வலிக்காதாம். அப்போது எனக்கு அது தெரியாது. விளக்கெண்ணெய் தடவினேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, இருக்கிறதா கரைந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். பகலில் மெஷினில் உட்கார்ந்தால், நான் போய்விட்டால் பாக்கி ஜாக்கெட்டை யார் தைத்துக் கொடுப்பார்கள், அட்வான்ஸ் வாங்கினதை யார் திருப்பிக் கொடுப்பார்கள் என்றெல்லாம் கணக்கு ஓடும். கோயமுத்தூரில் இருக்கிற மகளிடம் போனில் மழை பெய்ததைச் சொன்னேன், மாடு கன்று போட்டதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, 'துணி எடுக்கப் போறேன்' என்று பொய் சொல்லிவிட்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். ஒரு சின்ன கிளினிக். உள்ளே என் மகன் வயசில் ஒரு டாக்டர் தம்பி.

"சொல்லுங்கம்மா."

"வந்து... நெஞ்சுல... ஒரு மாதிரி இருக்கு."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"கையில இறங்குதா?"

27 வருஷம் மெஷின் ஓட்டுகிற கை. வலிக்காமல் இருக்குமா? "ஆமா, இறங்குது."

"மூச்சு வாங்குதா?"

மாடிப்படி ஏறி வந்திருக்கிறேன். "வாங்குது."

டாக்டர் தம்பி எழுந்துவிட்டார். "சிஸ்டர்! உடனே ஈ.சி.ஜி. எடுங்க!"

என்னைப் படுக்க வைத்து, ஜில்லென்று பசையைத் தடவி, கை கால் எல்லாம் கிளிப் மாட்டி, நெஞ்சைச் சுற்றி ரப்பர் குமிழ்களை ஒட்டினார்கள். அதில் ஒரு குமிழ் சரியாகக் கட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. நர்ஸ் பெண்ணிடம், 'இந்தா, இங்கதான் தாயி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லையே! கூரையில் சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். காகிதம் நீளமாக வந்தது. "இருதயம் அருமையா இருக்கும்மா, கேஸ் டிரபிள்தான்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தத் தம்பி மேல் ஒரு குற்றமும் இல்லை. வலியென்று நான் காட்டினது இருதயத்தை. அவர் பார்த்ததும் இருதயத்தை.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பக்கத்து சீட்டு அம்மா, "யாரும் தவறிட்டாகளா?" என்று கேட்டார்.

என்னைப் பேச வைத்தது ஒரு சின்னப் பெண். 2021-ல் அரசாங்கம் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஆரம்பித்ததே, அதில் வீடு வீடாக வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிற பெண். என் வீட்டுக்காரரின் கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அக்கா, உங்களுக்கு மார்ல கட்டி கிட்டி ஏதும் இருக்கா?" என்றாள். 'தோசைமாவு இருக்கா' என்று கேட்கிற அதே குரல்! கூச்சமும் இல்லை, ரகசியமும் இல்லை. அந்தக் குரலுக்குத்தான் என் வாய் தன்னால் திறந்துகொண்டது.

"இருக்கு தாயி. இடது பக்கம்."

என் வீட்டுக்காரருக்கு பிரஷர் அந்த இடத்திலேயே ஏறிவிட்டது. "இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுகொண்டார். நாலு நாளில் மதுரையில் இருந்தோம். ஒரு பெண் டாக்டர் கையால் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார்கள், மாமோகிராம் எடுத்தார்கள். (இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அமுக்குவார்கள். இடியாப்பம் பிழிகிற மாதிரி இருக்கும். ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும்.) அப்புறம் ஊசி. "ஊசி குத்தினா பரவிடும்பாங்களே டாக்டர்?" என்றேன். "அதெல்லாம் பரவாதும்மா. குத்திப் பார்க்காம என்ன கட்டின்னு எப்படிச் சொல்றது?" என்றபடியே குத்தினார். ஊசிக்குள் தண்ணீராக வந்தது. கட்டி காணாமல் போய்விட்டது. வெறும் நீர்க்கட்டி! நாற்பது வயதுகளில் சாதாரணமாக வருவதாம். மார்பில் தட்டுப்படுகிற கட்டிகளில் முக்கால்வாசிக்கும் மேலே புற்றுநோயே இல்லை என்றார். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் மூன்று வாரம் தூங்கியிருப்பேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஊருக்கு வந்ததும் எனக்கு ஒரு மிதப்பு. செத்துப் பிழைத்தவள் இல்லையா? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஈ.சி.ஜி. கதையை நடித்துக் காட்ட ஆரம்பித்தேன். குமிழ் ஒட்டினது, ஃபேனைப் பார்த்தது, பஸ்ஸில் அழுதது என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உப்புப் புளி கூடச் சேரும். திண்ணை முழுக்கச் சிரிக்கும். அன்றைக்கு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என் அண்ணன் பெண்டாட்டி, மதினி, மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகும் ஊக்கு வைக்கிற துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பலையா மதினி?"

"அந்தக் கதவைச் சாத்து."

சாத்தினேன்.

"எனக்கும் இருக்கு புள்ள. வலது பக்கம். வருசம் ஒண்ணாச்சு."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது கட்டிக்காக இல்லை. பீரோ மேல் இருந்த நோட்டுக்காக. மதினி அந்த வருஷம் தைப்பொங்கலுக்கு ஒரு ஜாக்கெட் கொடுத்து, "வலது பக்கம் லேசாப் பிடிக்குது, தளர்த்திவிடு" என்று கேட்டார். ஆடியில் இன்னொன்று, "கைக்குழி இறுக்குது" என்று. ரெண்டையும் பிரித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'வலது பிடிப்பு கால் இஞ்ச்.' 'வலது கைக்குழி அரை இஞ்ச்.' ஒரு பக்கம் மட்டும் ஏன் வளர்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கூலி இருபது ரூபாய் என்று எழுதி, பக்கத்தில் டிக் வேறு போட்டிருக்கிறேன்.

அவிழ்த்துக் காட்டினார். காம்பு உள்ளே இழுத்திருந்தது. மேலே தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக. அக்குளில் ஒரு நெல்லிக்காய்.

"ஏன் மதினி சொல்லல?"

"மகளுக்குப் பேசி முடிச்சிருக்கு. தாய்க்காரிக்கு இப்படின்னு தெரிஞ்சா அவுக வீட்டுல என்ன சொல்லுவாக? கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் சாமி விட்ட வழி. இது வந்தா எப்படியும் சாவுதானே?"

சாவுதான் என்ற பேச்சு இன்று நேற்று வந்ததில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-லேயே டாக்டர் பட்டம் வாங்கியவர். அவராலேயே 1923-ல் தன் சொந்தத் தங்கையைப் புற்றுநோயிலிருந்து காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் மனசில் வைத்திருந்து, 1954-ல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தார். அடுத்த வருஷம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்மூடும்வரை அந்த ஆஸ்பத்திரியையே வீடாக்கிக்கொண்டார். அந்த அம்மா ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினதில் பாதி நோயோடு என்றால், மீதி இந்த 'சாவுதானே'யோடு. மதினியிடம் இதையெல்லாம் அன்றைக்கு நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது தெரியவும் தெரியாது. "வாயை மூடுங்க மதினி, நாளைக்கு முதல் பஸ்சு" என்று மட்டும் சொன்னேன். வாழ்க்கையிலேயே மதினியை அதட்டினது அந்த ஒரு தடவைதான்.

புற்றுநோய்தான். அக்குள் நெறிக்கட்டி வரை வந்திருந்தது, அதைத் தாண்டவில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருந்தா மார்பை எடுக்காமலேகூடப் பார்த்திருக்கலாம்" என்று டாக்டர் சொன்னபோது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கால் இஞ்சும் அரை இஞ்சும் கண்ணில் ஓடின. மகளுக்கும் வருமா என்று மதினி கேட்டார். பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துக்குள்தான் என்றார் டாக்டர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. வைத்தியச் செலவில் பெரும்பகுதியை அது தாங்கியது. பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் அண்ணன் ரெண்டு ஆட்டை விற்றுச் சமாளித்தார்.

முதலில் மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது வாரம் முடி கொத்தாக வந்தது. மிச்சத்தையும் வழித்துவிட்டு, 'இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டுதல்' என்று ஊரில் சொல்லிக்கொண்டோம். எல்லாரும் நம்பினார்கள். ஒரே ஒருத்தர் நம்பவில்லை. சம்பந்தியம்மா! கல்யாணப் பேச்சுக்கு வந்தவர் மதினியை உற்றுப் பார்த்துவிட்டு, "மொட்டை சரி. புருவத்தை எதுக்கு எடுத்தாக?" என்றார்.

மருந்துக்குப் புருவமும் கொட்டும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

மதினி காபியைக் கீழே வைத்தார். "எனக்கு மார்ல கேன்சர். வைத்தியம் நடக்குது. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிருங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒட்டுவாரொட்டியா இது?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்ப கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளி வச்சுக்குவோம். அதுக்குள்ள புருவம் முளைச்சிரும்ல?" என்றார். கல்யாணம் நடந்தது. பந்தியில் அப்பளம்தான் பற்றவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு மதினியின் மேல் சுற்றிய வெள்ளைத் துணியைப் பார்த்ததும் எனக்குத் தொழில் புத்தி. தொட்டுப் பார்த்தேன். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறித் தறியாக ஓடுகிறதே பேண்டேஜ் துணி, அதே ரகம். "நம்ம ஊர்த் துணிதான் மதினி" என்றேன். "அதான் புடிச்ச பிடி விட மாட்டேங்குது" என்றார் மயக்கம் முழுசாகத் தெளியாமலே.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வேலை வந்தது. அக்குளிலும் நெறிக்கட்டிகளை எடுத்திருப்பதால் கை விறைத்துப் போகுமாம். சுவரில் விரலைப் பல்லி மாதிரி ஏற்றி ஏற்றிப் பழக வேண்டும். தையல் சாக்பீஸால் தினமும் எட்டிய உயரத்தில் ஒரு கோடு போட்டேன். முதல் நாள் தோளுக்குக் கீழே நின்றது. மூன்று மாதத்தில் காலண்டர் ஆணியைத் தொட்டார். கை வீங்குகிறதா என்று பார்க்க, ரெண்டு கையையும் ஒரே இடத்தில் டேப் போட்டு அளந்து எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். அதைவிட எனக்கு வேறென்ன தெரியும்? வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அளக்கிறேன். அந்தக் கையில் காயம் படாமல், நகச்சுத்தி வராமல் பார்த்துக்கொள்கிறார். தண்ணீர்க் குடம் இப்போது அண்ணன் இடுப்பில்.

அடுத்தது அந்த இடத்துக்கு ஒரு மெத்தை. புண் நன்றாக ஆறின பிறகு, இலவம்பஞ்சு அடைத்து மல் துணியில் தைத்துக் கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எடை இல்லை. ராஜபாளையம் போய் வருவதற்குள் அது கழுத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எடைக்குக் கேழ்வரகு சேர்த்துத் தைத்தேன். ஒரு மாதத்தில் வண்டு. கடைசியில் கடுகு. நன்றாகக் காயவைத்த கடுகைத் தனிப் பையில் கட்டி, சுற்றிலும் பஞ்சு. ஜாக்கெட்டுக்கு உள்ளே அதற்கென்று ஒரு பாக்கெட். இப்போது ரெண்டு தோளும் சமமாக நிற்கிறது. 'ரசம் தாளிக்கக் கடுகு தீர்ந்துட்டாக் கவலையில்ல' என்று மதினி சொல்வதைக் கேட்டு அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார்.

மாதம் ஒருநாள் குறித்து வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சோதிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் ஒரு கதை சொன்னார். சீனாவில் ஷாங்காய் ஊரில், நம்ம ராஜபாளையம் மாதிரி, துணி மில்களில் வேலை பார்த்த 2,66,064 பெண்களை 1989-லிருந்து ரெண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் சுய பரிசோதனையைப் பாடமாக நடத்தினார்களாம். பத்து வருஷத்துக்கு மேல் பார்த்து, 2002-ல் முடிவைச் சொன்னார்கள். பாடம் படித்தவர்களில் 135 பேர், படிக்காதவர்களில் 131 பேர் இந்த நோயால் இறந்திருந்தார்கள். வித்தியாசமே இல்லை! படித்தவர்கள் என்னைப் போல வெறுங்கட்டிகளைத்தான் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்ப பார்க்கவே வேண்டாமா?" என்றேன்.

"பரீட்சை மாதிரி பயந்து பயந்து தடவ வேண்டாம். உங்க உடம்பு எப்பவும் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். மாறினா அன்னைக்கே வந்து சொல்லணும்" என்றார். மும்பையில் 1998-ல் இன்னொரு சோதனை ஆரம்பித்தார்களாம். குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்கள். அதில் பாதிப் பேரை, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணிப் பெண்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையாலேயே சோதித்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. சோதித்தவர்களில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. இளவயதுக்காரர்களிடம் அந்த அளவுக்குக் குறையவில்லை. என் வீட்டுக்கு வந்த அந்தச் சின்னப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். மிஷினும் இல்லை, மாத்திரையும் இல்லை. தெரிந்த கை, கூச்சப்படாத வாய்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நூறில் ஒருத்தர் ஆம்பளையாம் என்று டாக்டர் சொன்னதும் பேப்பர் கீழே இறங்கியது. அன்றிலிருந்து குளித்துவிட்டு வர அவருக்கு ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆகிறது.

என் பன்னிரண்டாவது நோட்டில் மே.சு. இல்லை. 'மார்பு' என்று முழுசாக எழுதுகிறேன். வலதுக்கும் இடதுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் தளர்த்தச் சொன்னால், ஏன் என்று கேட்ட பிறகுதான் கத்தரியை எடுப்பேன். ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

மதினி தினம் சாயங்காலம் சீரியல் ஆரம்பிக்கிற நேரத்தில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார். ஐந்து வருஷம் போட வேண்டும். இந்தத் தீபாவளிக்குப் பச்சையில் அரக்கு பார்டர் சேலை எடுத்துக்கொண்டு வந்தார். அளவெடுத்து, துணியை மடித்து வைத்துக் கூலியைச் சொன்னேன்.

"என்னது, எல்லாருக்கும் வாங்குற கூலியை எங்கிட்டயும் கேக்குற? எனக்கு ஒரு பக்கம்தானே தைக்கிற? பாதி குடுத்தாப் போதாதா?"

"உள்ள பாக்கெட் யாரு வைப்பா மதினி? அதுக்குத் தனிக் கூலி. கடுகு வேற இப்ப விலை ஏறிக் கிடக்கு."

முந்தியை அவிழ்த்து முழுசாக எண்ணிக் கொடுத்தார். பத்து ரூபாய் குறைவாகத்தான் இருந்தது.